அகத்தியமலை வேரும் நம் வயிற்றுப்புண்ணும்



'மூலிகையும் மருத்துவமும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் எல்லா மூலிகையையும் தொட்டுப் பேசினால், எதையும் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கியதாகத்தான் ஆகும். அதனால் ஒரே ஒரு வேரை எடுத்துக்கொண்டேன். அமிர்தபாலை என்று பெயர், மலையாளத்தில் அம்ருதபாலா. இந்தத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் 1868 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறதே அகத்தியர்கூடம், அதைச் சுற்றிய பாறைச் சரிவுகளில் வளரும் செடி அது. அங்கே வாழும் பழங்குடியினரான காணிக்காரர்கள் அதன் வேரை வயிற்றுப்புண்ணுக்கு மருந்தாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அது உண்மையா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உட்காரலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய வேலை.

முதலில் நம் வயிற்றைப் பற்றி. நம்மூரில் வயிற்றில் எது எரிந்தாலும் 'அல்சர்' என்றுதான் சொல்கிறோம். சாப்பாடு தள்ளிப்போனால் அல்சர், காரம் கூடினால் அல்சர், வீட்டில் சண்டை என்றாலும் அல்சர். குழாய் விட்டுப் பார்த்தால் இவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே இருக்காது. எரிச்சல் மெய்தான், புண் இல்லை. சித்த மருத்துவத்தில் குன்மம் என்று சொல்வதும் இப்படிப் பல வயிற்று நோய்களை ஒரே கூரையின் கீழ் வைத்த பெயர்தான்; அதை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். குன்மத்துக்குச் சொன்ன மருந்து எல்லாம் அல்சருக்கு மருந்து என்று இன்று எழுதுகிறவர்கள் இந்த எட்டு வகையை மறந்துவிட்டு எழுதுகிறார்கள். உண்மையான புண் என்பது இரைப்பையின் உட்சுவரிலோ முன்சிறுகுடலிலோ சதை அரிக்கப்பட்டுக் குழி விழுவது. அது ஆழமானால் இரத்தக் குழாயைத் தொடும். இன்னும் ஆழமானால் குடலே ஓட்டையாகும்.

இந்த நோய்க்கும் நம் தென்திருவிதாங்கூருக்கும் பழைய உறவு உண்டு. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயக் குழுக்களில் இருந்த மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைக் கண்டு இங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கத்தி பிடித்தார். அவரிடம் வந்தவர்களில் பெரிய பங்கு முன்சிறுகுடல் புண் நோயாளிகள். 1936இல் அவரும் அவருடைய சகாவான ஆர் என்பவரும் இங்கிலாந்தின் அறுவை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2500 முன்சிறுகுடல் புண் நோயாளிகளை வைத்து எழுதியது. ஒரு சிற்றூர் மருத்துவமனையிலிருந்து 2500 பேர்! அன்றைய இலண்டன் மருத்துவர்கள் அந்த எண்ணைக் கண்டு புருவத்தை உயர்த்தியிருப்பார்கள். காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஏன் தெற்கே இத்தனை புண் என்ற கேள்வி பிறகும் ஓயவில்லை. அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் நோய் மிகுதி, கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு என்று 1960களில் ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா எழுதினார். மரச்சீனியைக் குறை சொன்னவர்கள் உண்டு, மிளகாயைக் குறை சொன்னவர்கள் உண்டு. அதில் எல்லாம் இப்போது இறங்க வேண்டாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. மலையின் அடிவாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெய்யூர் வாசலில் கிடந்த அதே காலத்தில், அந்த மலைத்தொடரின் மேலே ஒரு சமூகம் இந்த நோய்க்குத் தன்னிடம் ஒரு வேர் இருப்பதாக நம்பியிருந்தது. கீழே இருந்தவர்களுக்கு அது தெரியாது. மேலே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

வயிற்றுப்புண்ணுக்கு உண்மையில் காரணம் என்ன? 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பைச் சளியில் வாழும் சுருள் வடிவக் கிருமி ஒன்றை வளர்த்துக் காட்டினார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று இன்று சொல்கிறோமே, அதுதான். அமிலத்தில் எந்தக் கிருமி உயிர் வாழும் என்று எல்லோரும் சிரித்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்தார்; சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு வார நுண்ணுயிர்க்கொல்லியும் அமிலத்தை அடக்கும் மாத்திரையும் போதும். சாமர்வெல் கத்தியால் செய்ததைப் பெரும்பாலும் மாத்திரையே செய்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. வலி மாத்திரை. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைதான். 1971இல் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று கண்டு சொன்னார். உடம்பில் புரோஸ்டாகிளான்டின் என்று ஒரு பொருள் உண்டு. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. இரைப்பையில் சளியைச் சுரக்கச் செய்து, இரத்த ஓட்டத்தைக் கூட்டி, அமிலத்திலிருந்து சுவரைக் காப்பதும் அதுதான். ஆஸ்பிரின் இதன் உற்பத்தியை நிறுத்துகிறது. முழங்காலில் வீக்கம் வடியும். அதே நேரம் இரைப்பையின் காவலும் போய்விடும். வீக்கத்துக்குத் தின்றது வயிற்றைப் புண்ணாக்குகிறது. வீக்கத்தை மட்டும் தொட்டு வயிற்றை விட்டுவிடும் மாத்திரைகள் என்று சொல்லி 1999இல் புதிய வகை மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்றான ரோஃபிகாக்சிப், இதயத்தைப் பாதிக்கிறது என்று 2004 செப்டம்பரில் சந்தையை விட்டே போனது.

இந்த முடிச்சைப் புரிந்துகொண்டால்தான், 'அழற்சியையும் குறைக்கும், வயிற்றுப்புண்ணையும் ஆற்றும்' என்று ஒரு மூலிகைச் சாற்றைப் பற்றிக் கேள்விப்படும்போது ஆய்வாளர் ஏன் நிமிர்ந்து உட்காருகிறார் என்பது விளங்கும். நம்மிடம் உள்ள மருந்துகளில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இரண்டையும் ஒருசேரச் செய்யும் பொருள் உண்மையில் கிடைத்தால் அது சாதாரண விஷயம் அல்ல.

இப்போது வேருக்கு வருவோம். 1978இல் ஜோசப், சந்திரசேகரன் என்ற இரு தாவரவியலாளர்கள் இந்தச் செடியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதுவரை அறிவியல் நூல்களில் இல்லாத செடி என்பதால் புதுப் பேரினமே உருவாக்கி 'ஜானகியா அரயால்பத்ரா' என்று பெயர் வைத்தார்கள். அரயால் என்றால் அரசமரம். இலை அரசிலை போல இருக்கும். ஜானகி யார் என்று இந்த ஊரில் சொல்ல வேண்டியதில்லை. 1897இல் தலச்சேரியில் பிறந்து, மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்று வந்து, 1930களின் தொடக்கத்தில் இதே திருவனந்தபுரத்து மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஜானகி அம்மாள்தான். பிறகு கோயம்புத்தூரில் கரும்பு, இங்கிலாந்தில் குரோமோசோம், முதுமையில் சென்னை மதுரவாயலில் மூலிகைத் தோட்டம் என்று போன வாழ்க்கை அது. 1997இல் வகைப்பாட்டாளர்கள் இந்தச் செடியை டெகாலெபிஸ் என்ற பழைய பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இன்றைய முறையான பெயர் டெகாலெபிஸ் அரயால்பத்ரா. அறிவியல் காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த அம்மையாரின் பெயர் போனதில் எனக்கு வருத்தம்தான்.

டெகாலெபிஸ் என்றதும் உங்களில் சிலருக்கு வாயில் எச்சில் ஊறியிருக்க வேண்டும். நம் மாகாளிக் கிழங்குதான் அமிர்தபாலையின் அக்காள், டெகாலெபிஸ் ஹாமில்டோனியை. தோலைச் சீவி, நடு நரம்பை எடுத்துவிட்டு, மெல்லிய துண்டுகளாக நறுக்கித் தயிரிலும் மிளகாய்ப் பொடியிலும் ஊறவைக்கும் மாகாளி ஊறுகாய் தஞ்சாவூர் வீடுகளிலிருந்து பாலக்காட்டு அக்கிரகாரங்கள் வரை பெயர் பெற்றது. மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு கட்சி, அது இல்லாமல் தயிர்ச்சோறு இறங்காது என்பவர்கள் மறு கட்சி. இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. மாகாளி, நன்னாரி, அமிர்தபாலை மூன்றின் வேர் மணத்துக்கும் பின்னால் ஒரே வேதிப்பொருள்தான் முதன்மையாக நிற்கிறது: 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சால்டிஹைடு. ஐஸ்கிரீமில் போடும் வனிலினும் இதுவும் ஒரே அணுக்களால் ஆனவை. அடுக்கு மட்டும் வேறு.

1982இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை இந்தியப் பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்கும் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒருங்கிணைப்பாளர் புஷ்பாங்கதன். பிற்பாடு பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராக வந்தவர். அந்தத் திட்டத்தின் வழியே வந்த செய்திகளில் ஒன்றுதான் அமிர்தபாலை. 1990இல் அவரும் ராஜசேகரன் முதலிய சகாக்களும் அதைப் பற்றி எழுதினார்கள். வயிற்றுப்புண்ணுக்கும், புற்று போன்ற கட்டிகளுக்கும், உடம்பைத் தேற்றவும் காணிக்காரர்கள் இந்த வேரைப் பயன்படுத்துவதாகப் பதிவு செய்தார்கள். 1996இல் பாலோட்டிலிருந்து சுப்பிரமணியம் தலைமையில் வந்த ஆய்வு, வேர்ச்சாறு சுண்டெலிகளின் நோய் எதிர்ப்புத் திறனைத் தூண்டுவதையும் கட்டிகளுக்கு எதிராக வேலை செய்வதையும் காட்டியது. வயிற்றுப்புண்ணைப் பொறுத்தவரை இன்னும் கூர்மையான வேலை அக்காள் மாகாளியில் நடந்தது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தினர் மாகாளிக் கிழங்கின் பெக்டின் வகைப் பொருள் ஒன்றைப் பிரித்து 2007இல் வெளியிட்டார்கள். பழக்கூழை உறைய வைக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பெக்டின்தான். ஆனால் பீனால் பொருட்களோடு பிணைந்திருந்தது. எலிகளில் புண் வராமல் தடுத்தது. அமிலத்தை வெளித்தள்ளும் இரைப்பைப் பம்பை மந்தப்படுத்தியது. சோதனைக் குழாயில் பைலோரிக் கிருமியின் வளர்ச்சியையும் குறைத்தது.

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் 'எலியில்', 'சோதனைக் குழாயில்' என்ற சொற்களைக் காதில் வாங்கினீர்களா? பத்திரிகைச் செய்தியாக வரும்போது இந்தச் சொற்கள்தான் முதலில் உதிர்ந்துபோகும். எனவே அந்த எலிக்கு என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அழற்சியை அளக்க ஒரு பழைய முறை உண்டு. சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் என்ற பசையை நீரில் கரைத்து எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியாகப் போடுவார்கள். பாதம் வீங்கும். மணிக்கொரு தடவை காலை ஒரு திரவக் குழலில் முக்கி, எவ்வளவு திரவம் மேலே ஏறுகிறது என்று பார்த்து வீக்கத்தை அளப்பார்கள். முன்னதாகவே மூலிகைச் சாறு கொடுத்த எலிக்கு வீக்கம் குறைந்தால் சாறு அழற்சியைத் தணிக்கிறது என்று எழுதுவார்கள். இது சில மணி நேரத்து வீக்கம். பத்து வருடமாக விரல் மூட்டு கோணிப்போன நம் பாட்டியின் வாதநோய் அல்ல.

புண்ணுக்குப் பல முறைகள். எலியைப் பட்டினி போட்டு வயிற்றில் சுத்த ஆல்கஹாலை ஊற்றுவது ஒன்று. இந்தோமெத்தசின் என்ற வலி மருந்தைக் கொடுப்பது இன்னொன்று. இரைப்பையின் கீழ்வாயை நூலால் கட்டி அமிலம் தேங்க விடுவது மூன்றாவது. 1945இல் ஷே என்பவரும் அவர் குழுவினரும் கொண்டுவந்தது, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. குளிரில் கட்டிப்போட்டு மன அழுத்தம் உண்டாக்குவது நான்காவது. பிறகு எலியைக் கொன்று, இரைப்பையைத் திறந்து, சிவந்த கோடுகளை எண்ணுவார்கள்.

இந்த நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகள். ஆல்கஹால் சோதனையில் தேறுவது துவர்ப்புள்ள எந்தச் சாறும் ஓரளவு செய்யக்கூடியது. சுவரில் படலம் போல ஒட்டிக்கொண்டால் போதும். கீழ்வாய் கட்டும் சோதனையில் தேறினால்தான் அமிலச் சுரப்பைத் தொட்டது என்று பொருள். இந்தோமெத்தசின் சோதனை நம் வலி மாத்திரைக்காரர்களுக்கு நெருக்கமானது. நான் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். நான்கிலும் இல்லாதது எது? கிருமி. மனிதப் புண்ணின் முதன்மைக் காரணமே இந்தச் சோதனைகளில் இல்லை. அதோடு எலிக்கு வருவது ஒரு பொழுதில் வந்து ஓரிரு நாளில் ஆறக்கூடிய மேலோட்டமான சிராய்ப்பு. மனிதனுடையதோ மாதக்கணக்கில் அரித்த குழி. இன்னொன்று: பெரும்பாலும் சாற்றை முன்னால் கொடுத்துவிட்டுப் பிறகுதான் புண்ணை உண்டாக்குகிறார்கள். அது தடுப்பது, ஆற்றுவது இல்லை. நோயாளி நம்மிடம் வருவது புண் வந்த பிறகுதான்.

எலியில் வென்று மனிதனில் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் மஞ்சள். எலிகளில் மஞ்சள் வயிற்றுப்புண்ணைத் தடுத்ததாகப் பல ஆய்வுகள். வியட்நாம் மருத்துவர்கள் முன்சிறுகுடல் புண் நோயாளிகளை எடுத்துக்கொண்டு ஒரு பிரிவுக்கு மஞ்சளும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். புண் ஆறியவர்களின் பங்கு இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கவனியுங்கள், போலி மாத்திரை தின்றவர்களிலும் ஆறியிருக்கிறது! வயிற்றுப்புண் தானாகவே ஆறுவதும் மறுபடி வருவதும் உண்டு. 'எனக்குச் சரியாகிவிட்டது, நான் சாட்சி' என்று சொல்லும் நல்ல மனிதரை நாம் சந்தேகிக்க வேண்டாம். அவருடைய சாட்சியத்தை மட்டும் வைத்து மருந்து என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

மூலிகையால் முடியாது என்று நான் சொல்கிறேன் என நினைத்துவிடாதீர்கள். முடிந்திருக்கிறது. நெதர்லாந்தில் அதிமதுரச் சாறு கலந்த மருந்து வயிற்று நோயாளிகளுக்கு நன்மை செய்வதைக் கவனித்த ரெவர்ஸ் என்ற மருத்துவர் 1946இல் அதை எழுதினார். கூடவே, அதைச் சாப்பிட்ட சிலருக்கு முகமும் காலும் வீங்குவதையும் மறைக்காமல் எழுதினார். அதிமதுரத்தின் உட்பொருளிலிருந்து இங்கிலாந்தில் கார்பெனாக்சோலோன் என்ற மருந்து பிறந்தது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய அதே ரிச்சர்ட் டால் 1962இல் அதை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தார். இரைப்பைப் புண் விரைவாக ஆறியது. முன்சிறுகுடல் புண்ணில் பலன் தெரியவில்லை. ஒரே மருந்து, இரண்டு அங்குலத் தள்ளலில் வேறு முடிவு. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும் அதன் தொல்லையும் சேர்ந்தே வந்தது. 1976இல் ஜேம்ஸ் பிளாக்கின் சிமெடிடின் என்ற அமிலத்தை அடக்கும் மருந்து வந்ததும் அது பின்னால் போய்விட்டது. இருந்தாலும் சமையலறை வேர் ஒன்று மருத்துவமனைக்குள் கால் வைத்த வரலாறு அது. தாய்லாந்தில் பிளவ்நோய் என்ற செடியின் இலையிலிருந்து ஜப்பானின் சான்கியோ நிறுவனம் பிளவுனோடால் என்ற பொருளைப் பிரித்து வயிற்றுப்புண் மருந்தாக விற்றது. அதற்காகத் தாய்லாந்தில் தோட்டம் போட்டுச் செடியைப் பயிரிட்டார்கள். அங்கே எடுத்தது இலை, மறுபடி துளிர்க்கும்.

நம்முடையது வேர். இங்கேதான் அமிர்தபாலையின் வழக்கு சிக்கலாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிச் சோதனைகளில் கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுப்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துத் துறை 2005இல் தந்த வழிகாட்டு விதி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறத்தாழ நான்கு கிராம் சாறு வேண்டும். பத்துப் பங்கு உலர்ந்த வேரிலிருந்து ஒரு பங்கு சாறு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நாற்பது கிராம் உலர்ந்த வேர். வயிற்றுப்புண் ஆற எட்டு வாரம் என்றால் ஓர் ஆளுக்கு இரண்டு கிலோவுக்கு மேல். உலர்ந்த வேர் இரண்டு கிலோ! பச்சை வேராக அது இன்னும் பல மடங்கு. மிக அருகிவிட்ட செடிகளின் பட்டியலில் இருக்கும் ஒன்றைப் பாறை இடுக்கிலிருந்து தோண்டி ஒரு நெய்யூர்க் கூட்டத்துக்குக் கொடுத்தால் எத்தனை நாள் தாங்கும்? இந்த மலைத்தொடரின் தென்முனையை விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது.

காணிக்காரர்கள் தங்கள் குடும்பத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தது வேறு, சந்தைக்கு மூட்டை கட்டுவது வேறு. சந்தையில் இன்னொரு தொல்லையும் உண்டு. நன்னாரி என்று விற்கப்படும் கட்டுகளில் மாகாளி வேர் கலந்துவருவது மூலிகை வணிகத்தில் நெடுநாள் பழக்கம். மணம் ஒன்றுதானே! மாகாளியே காடுகளில் குறைந்து வருகிறது. நம் சாலைக் கடைத்தெருவில் அங்காடி மருந்து வாங்குகிறவர்கள், 'அம்ருதபாலா' என்று எழுதிய பொடிப் பொட்டலம் கைக்கு வந்தால் அதற்குள் எந்த வேர் இருக்கும் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டும்.

பாலோட்டில் இதற்கான வேலை நடக்காமல் இல்லை. சுதா, சீனி முதலியவர்கள் அமிர்தபாலையைக் கண்ணாடிக் குடுவையில் திசு வளர்ப்பால் பெருக்கும் முறையை 2005இல் வெளியிட்டார்கள். செடியையே தோண்டாமல், வேரை மட்டும் ஊட்டக் கரைசலில் வளர்த்து மணப்பொருளை எடுக்கும் சோதனைகளும் பின்னால் வந்தன. என் கருத்தில் அமிர்தபாலை ஆராய்ச்சியில் மிக மதிப்புள்ள பகுதி எலிக் கணக்கு அல்ல, இந்தக் குடுவைதான். செடி இருந்தால் நாளைக்குச் சோதிக்கலாம்.

காணிக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியாது. 1987 டிசம்பரில் இந்த மலையில் ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள் களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு சிறு கனியைக் கடித்துக்கொண்டே போனார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தைப் பாலோட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதம் பங்கு. வந்ததில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. நம் நாட்டில் உயிரினப் பன்மைச் சட்டம் 2002இல் தான் வந்தது. அதற்கு முன்பே நடந்த பங்கீடு என்பதால் உலகம் முழுவதும் பாடமாகச் சொல்கிறார்கள். பாடம் முழுமை பெறவில்லை. காட்டிலிருந்து இலை பறிக்க வனத்துறையின் தடை, பயிரிட்ட இலையை வாங்குவதில் குழப்பம், ஏழாண்டு உரிமம் முடிந்த பின் தேக்கம் என்று அது தள்ளாடியது. இருந்தாலும் கேட்டுப் பெற்றதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இந்த மாவட்டத்தில் பிறந்தது. விதுரைக்கு அருகே கல்லாற்றில் விஷக்கடி வைத்தியம் செய்யும் காணிப் பெண் இலட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்ததை இதே ஊரார் கொண்டாடினோம். விருது நல்லது. அமிர்தபாலை மருந்தானால் அதில் பங்கும் வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். அமிர்தபாலை வயிற்றுப்புண்ணை ஆற்றும் என்பது நியாயமான கருதுகோள். அதாவது சோதித்துப் பார்க்கத் தகுதியுள்ள நம்பிக்கை. காணிக்காரர்களின் வழக்கு, அக்காள் மாகாளியில் மைசூரார் கண்டது, வேரில் உள்ள பொருட்கள், மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அது மருந்து என்று சொல்ல மனிதர்களிடம் செய்த சோதனை வேண்டும். இரைப்பைப் புண்ணுக்குத் தனியாக, முன்சிறுகுடல் புண்ணுக்குத் தனியாக. கிருமி உள்ளவருக்குத் தனியாக, வலி மாத்திரை தின்பவருக்குத் தனியாக. பக்கத்தில் போலி மாத்திரைப் பிரிவோடு. நான் முதலில் சோதிக்க ஆசைப்படுவது கடைசியாகச் சொன்ன வலி மாத்திரைக்காரர்களிடம்தான். கிருமிக்கு நல்ல மருந்து இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் வலி மாத்திரை தின்ன வேண்டிய மூட்டுவாத நோயாளிகளுக்கு வயிற்றைக் காக்கும் எளிய துணை தேவைப்படுகிறது. வீக்கமும் புண்ணும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் இந்த வேரின் உண்மையான வாய்ப்பு இருக்கிறது.

அதுவரை வீட்டில் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: மணத்தக்காளிக் கீரையும் வற்றலும் சாப்பிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜைனுவும் சியாமளா தேவியும் 2006இல் மணத்தக்காளிப் பழச்சாறு எலிகளின் இரைப்பைப் புண்ணைத் தடுப்பதைக் காட்டினார்கள்; அதுவும் எலிதான், ஆனால் அது உணவு, அழிந்துபோகும் செடியும் அல்ல. பச்சை வாழைக்காய்ப் பொடியைப் பற்றிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலையும் இப்படித்தான். நேந்திரங்காய் நிறைந்த ஊரில் அதைச் சாப்பிட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிடலாம், ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல.

கேட்டுக்கொள்வது மூன்று. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ எந்த வேரையும் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். வலி மாத்திரை நாள்தோறும் தின்கிறவர்கள் அதை வைத்தியரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். காட்டிலிருந்து வந்த அமிர்தபாலை வேரை யார் நீட்டினாலும், எந்தப் பெயரில் நீட்டினாலும், வாங்காதீர்கள்.